இலையை அடுப்பில் ஏற்றக் கூடாது

வாளையார் சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் சீக்கிரத்தில் கிளம்பாது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சமீபத்தில் கோயமுத்தூருக்குப் போகும்போது நானும் என் அண்ணன் மகள் கிரேசியும் அங்கே இறங்கி டீ குடித்தோம். கடைக்காரர் பாலையும் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றினார், சர்க்கரையை அள்ளிப் போட்டார், அதன் தலையிலேயே தூளைக் கொட்டி அடுப்பைத் தூண்டிவிட்டார். எல்லாம் ஒரே சட்டியில் பொங்கிப் பொங்கி அடங்கியது. நான் வேலை பார்த்த தேயிலை ஆபீஸில் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்களோ, அத்தனையையும் அந்த மனிதர் கண் மூடித் திறப்பதற்குள் செய்து முடித்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

கிரேசி சித்திரபுரத்தில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே மின்சார போர்டில் இருந்தவர். இப்போது கொச்சியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நூலில் தொங்கும் சின்னப் பைக்குள் தூளை அடைத்து விற்கிறார்களாம், அதைக் கடை கடையாகப் போய் அறிமுகப்படுத்த வேண்டுமாம்.

"அத்தை, ஒங்க காலத்துல டீய ஊருக்கெல்லாம் சும்மா குடுத்தீங்களாமே, அதுக்குச் சம்பளம் வேறயாமே?" என்றாள். ஏதோ நான் ஊரை ஏமாற்றிப் பிழைத்தவள் என்பது போல ஒரு சிரிப்பு.

"சும்மா குடுக்கிறதுதான்டி கஷ்டம். காசுக்குன்னா சந்தேகப்படாம வாங்கிருவாக" என்றேன். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். பஸ்ஸில் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

நான் பிறந்தது தேவிகுளத்துக்கு மேலே ஓர் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு டீ பாக்டரியில் வேலை. பறித்து வந்த பச்சை இலையை மாடியில் சாக்குத்துணித் தட்டுகளில் பரப்பி வாட விடுவார்கள். அந்த மாடிதான் அவருடைய உலகம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மற்றவர்களைப் பேச விடாமல் பேசுவேன், யாரைக் கண்டும் பயமில்லை. முப்பதுகளில் வெளிநாட்டில் தேயிலை விலை விழுந்து, விற்காத சரக்கு குவிந்து கிடந்தது. உள்ளூர்க்காரர்களைக் குடிக்கப் பழக்கினால்தான் பிழைப்பு என்று அதற்காகவே ஓர் ஆபீஸ் ஏற்பட்டது. ஆண்களை அனுப்பிப் பார்த்தார்கள். அவர்கள் திண்ணையைத் தாண்ட முடியவில்லை. டீ போடுவது அடுப்பங்கரையில் என்பதால் எங்களைப் போன்ற பெண்களைத் தேடினார்கள். இப்படித்தான் மலையிலிருந்து இறங்கி, கிழக்குப் பாலக்காட்டுக் கிராமங்களுக்கு நான் 'டீ அம்மணி' ஆனேன்.

பயிற்சி கொஞ்ச நாள்தான். சொல்லிக் கொடுத்தவரும் பின்னால் மேற்பார்வை பார்த்தவரும் ஒருவரே, மேனோன் சார். பாலக்காட்டுக்காரர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, வெயில் மழை இரண்டுக்கும் ஒரே குடை. யாரையும் திட்ட மாட்டார். தப்பு செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு என்று அர்த்தம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எங்களுக்கு இருக்கும்.

அவருடைய விதிகள் ஐந்து. அப்போதுதான் இறைத்த தண்ணீர் வேண்டும், பானையில் கிடந்தது உதவாது. அது நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். பாத்திரத்தை முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டி இலை, பாத்திரத்துக்கென்று ஒரு கரண்டி. மேலே வெந்நீரை ஊற்றி மூடி வைத்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, மணல் முழுவதும் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் விதிக் கணக்கில் சேராது, அவை கடைசியில், தனியாக. இதில் எது பிசகினாலும் மன்னிப்பார், ஒன்றைத் தவிர.

"வெள்ளத்தோட ஜோலி அடுப்பில். இலையோட ஜோலி பாத்திரத்தில். இலையை அடுப்பில் ஏத்தப்படாது, கேட்டோ ஞானம்மா? அது கொலபாதகமாக்கும்" என்பார். வெள்ளம் என்றால் அவர் பாஷையில் தண்ணீர்.

மணல் இறங்குகிற நேரத்தில் நாங்கள் வாயை மூடி நிற்கக் கூடாது. நின்றால் பெண்கள் பொறுமை இழந்து மூடியைத் திறந்துவிடுவார்கள். அதற்காகவே அவர் எங்களுக்கு உலகத்துக் கதையெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சீனாக்காரர்கள் பாலில்லாமல் வெறும் சாற்றைச் சின்னக் கிண்ணத்தில் குடிப்பார்கள். திபெத்தில் உப்பும் வெண்ணெயும் போட்டு மோர் கடைகிற மாதிரி கடைவார்கள். ருஷ்யாவில் நடுவில் கரி எரிகிற பெரிய பித்தளைக் கொப்பரை வைத்து நாளெல்லாம் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைக்காரனுக்கு நாலு மணிக்கு அது இல்லாவிட்டால் ராஜ்யமே நடக்காது. நான் இதையெல்லாம் நேரில் பார்த்தவள் மாதிரி அளப்பேன். "வெண்ணெயையா? தூ!" என்று பெண்கள் முகம் சுளிப்பதற்குள் மணல் இறங்கிவிடும்.

இத்தனை விதிகளையும் நான் கையால் செய்து காட்டியதே கிடையாது. கிறிஸ்தவச்சி, அதிலும் எஸ்டேட் லயத்துக்காரி. பெரும்பாலான வீடுகளில் அடுப்பங்கரை வாசல்படிக்கு இந்தப் பக்கம்தான் எனக்கு இடம். தண்ணீர், பாத்திரம், நெருப்பு எதையும் நான் தொட்டால் தீட்டு. அந்த வீட்டுப் பெண் கரண்டியை நீட்டுவாள், டப்பாவிலிருந்து இலையை மேலிருந்து சரிப்பேன், அதுதான் என் கைவேலை. மற்றதெல்லாம் வாய்வேலை. "இப்ப எறக்குங்க, இப்ப ஊத்துங்க, மூடுங்க." வருஷக்கணக்கில் வாயாலேயே டீ போட்டவள் நான். அன்றைக்கு அது கோபமாகக்கூட வரவில்லை, இப்போது நினைத்தால் வருகிறது.

வேலந்தாவளம் பக்கம் ஓர் ஊர். கொங்குத் தமிழ் பேசுகிற ஊர், மரியாதைக்குக் குறைவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாக டீ நுழைந்துகொண்டிருந்தது. கடைசியில் மேட்டு வீடு மட்டும் பாக்கி. "அங்க போகாதீங்க அம்மணி" என்று எல்லோரும் சொன்னார்கள். போகாதே என்றால் நான் கட்டாயம் போவேன். போனேன்.

வாசலில் ஒரு கிழவி மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் காளியாத்தா. டப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மலைத்தழைங்களா? அந்தத் தழை எங்க ஊட்டுப் படிய மிதிக்கப்படாதுங்க. நீங்க நல்லா இருப்பீங்க, போயிருங்க" என்றார். விரட்டும்போதும் 'ங்க' போட்டு விரட்டுகிற ஊர் அது.

அடுத்த வீட்டில் விஷயத்தைச் சொன்னார்கள். காளியாத்தாவின் ஒரே மகன் மயில்சாமி. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மலைக்கு வேலைக்குப் போனான். ஊர் நோன்புத் திருவிழாவுக்கு ஒருமுறை வந்தான், திரும்பிப் போனான். மலையாள வருஷக் கணக்கில் தொண்ணூற்றொன்பது என்று சொல்லும், இருபத்துநாலாம் வருஷத்து அந்தப் பெருவெள்ளத்தில் ஆள் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. கூடப் போனவன் வந்து சொன்னதுதான். மகனை மலைக்குத் துரத்தியது மருமகளின் ஆசை என்று மாமியாரும், மாமியாரின் வாய் என்று மருமகளும் ஒரே ஒரு நாள் சண்டை போட்டார்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நானும் அந்த வெள்ளத்தை லயத்துப் படியில் நின்று பார்த்தவள்தான். எனக்கு அப்போது சின்ன வயது.

பேசாமல் ஒரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது? கன்றுக்குட்டிதான் தூது. "ஏ கன்னு, உப்புத் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்று மாமியார் கன்றிடம் சொல்வார். "ஏ கன்னு, நாளைக்குச் சந்தையில வாங்கிக்கலாம்னு சொல்லு" என்று மருமகள் அதே கன்றுக்குப் பதில் சொல்வாள். நான் போன சமயம் வெள்ளம் வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. முதல் கன்று மாடாகி, அதன் கன்றும் இந்த உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கேட்டதும் நான் சிரித்துவிட்டேன், யாரும் கூடச் சிரிக்கவில்லை. மருமகள் பொன்னாத்தாவுக்கு அண்ணன் ஒருவர், வாளையாரில் ரயில்வே கேங்கில் வேலை. அவர் மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுச் செத்துப்போனாள். தங்கையைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பொன்னாத்தா போய்விட்டால் கிழவி தனியாகக் கிடந்து சாக வேண்டியதுதான். அதற்காகவாவது வாயைத் திறந்து 'இரு' என்று சொல்வாரா? மாட்டாராம். இவளாவது 'இருக்கட்டுமா' என்று கேட்பாளா? அதுவும் மாட்டாளாம்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது பொதுக்கிணற்றடியில் பொன்னாத்தா எனக்காகக் காத்திருந்தாள். முப்பதைத் தாண்டிய முகம், குரல் மட்டும் சின்னப் பெண்ணுடையது.

"ஏனுங்க அம்மணி, நீங்க மலை ஆளுங்களா?"

"ஆமா. பொறந்ததே அங்கதான்."

"நோன்புக்கு வந்தப்ப அவர்ற துணியில ஒரு வாசம் இருந்துச்சுங்க. தொவைச்சாலும் போகல. அது இந்தத் தழை வாசம்தானுங்களா? ஒருக்கா மோந்து பாக்கலாமுங்களா?"

டப்பாவைத் திறந்து நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

"இதில்லைங்க" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வண்டியில் வரும் வழியெல்லாம் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தேயிலை வாசம் இல்லையென்றால் வேறு என்ன? பேச்சுக்கு, அந்த ஊர்க்காரரான வண்டிக்காரரிடம், மயில்சாமிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "பாக்டரி மாடியில பச்சத்தழை காயப்போடறதுன்னு சொன்னானுங்க" என்றார். என் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. அது என் அப்பாவின் வேலை. அப்பா வீட்டுக்கு வந்தால் லயம் முழுக்க ஒரு வாசம் வரும். பூவும் ஈரப் புல்லும் கலந்த மாதிரி, லேசாகப் பழுத்த வாசம். டப்பாவில் கிடக்கிற காய்ந்த இலையில் அது இருக்காது. அதன்மேல் கொதிக்கிற தண்ணீர் விழுந்து, இலை மறுபடி விரிந்து, மூடியைத் திறக்கிற அந்த நிமிஷத்தில் மட்டும் வரும். அப்பா செத்த பிறகு எத்தனையோ வீட்டு வாசல்படியில் நின்று நான் அதை மோந்திருக்கிறேன், ஒருவரிடமும் சொன்னதில்லை.

மறுநாளே மேட்டு வீட்டுக்குப் போனேன்.

"குடிக்கச் சொல்லலம்மா. ஒரு வாய் கூட வேண்டாம். வெந்நி ஊத்தி மூடி வச்சுத் திறக்கணும், அவ்வளவுதான். ஒங்க மகன் துணியில இருந்த வாசம் அதுல வரும். எங்க அப்பாவும் அதே வேலைதான் பாத்தாக" என்றேன்.

காளியாத்தா கன்றின் பக்கம் திரும்பி, "ஏ கன்னு, தண்ணி சேந்தச் சொல்லு" என்றார்.

பொன்னாத்தா ஓட்டமும் நடையுமாக இறைத்து வந்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வாய் குறுகிய பித்தளைச் செம்பைச் சூடாக்கினாள். கரண்டியை நீட்டினாள், இலையைச் சரித்தேன். வெந்நீரை ஊற்றித் தட்டால் மூடினாள். நான் படியில் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தேன். சேர்ந்து உட்கார்ந்து பழக்கமில்லாத அந்த இரண்டு பேரும் செம்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நான் சீனாவையும் திபெத்தையும் வாயில் எடுக்கவில்லை. என் உத்தியோகத்தில் மணல் இறங்கும் வரை நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

"இப்ப திறங்க" என்றேன்.

தட்டை எடுத்ததும் ஆவி எழுந்தது. இரண்டு தலையும் ஒரே சமயத்தில் குனிந்து நெற்றியோடு நெற்றி இடித்துக்கொண்டன. யாரும் தலையைப் பின்னால் எடுக்கவில்லை. பொன்னாத்தாவின் தோள் குலுங்கியது. இன்னும் இன்னும் என்று அவள் முகத்தை ஆவிக்குள்ளேயே கொண்டு போனாள்.

"சுட்டுப்போடும், மூஞ்சியத் தள்ளி வெய்யி" என்றார் கிழவி.

கன்றிடம் இல்லை, நேராக அவளிடம். அவரே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் வெளியே வந்து வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினேன்.

ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த டீயை அவர்கள் குடிக்காமல் வாழைக்கு ஊற்றினார்கள். மறுநாள் மறுபடி கன்றுதான். நான் போகும்போதெல்லாம் இலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். குடிக்காத வீட்டுக்கு இலை கொடுக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதை மேனோன் சாரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"ஞான் வந்து காணட்டே" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போன அன்று மேட்டு வீட்டு வாசலில் வேறொரு மாட்டு வண்டி நின்றது. பொன்னாத்தாவின் அண்ணன் வண்டியோரம் நின்றிருந்தார். வாசல்படியில் சேலைத்துணியில் கட்டிய ஒரு மூட்டை. அதன் பக்கத்தில் தலை வாரிப் பூ வைத்து, போகிறவளின் கோலத்தில் பொன்னாத்தா. தெரு முனையிலேயே எனக்கு அந்த வாசம் வந்துவிட்டது. ஒரு செம்பிலிருந்து இவ்வளவு வராதே என்று எட்டிப் பார்த்தேன்.

அடுப்பில் மண்சட்டி. அதில் என் இலை முழுவதும் கருப்பட்டியோடும் சுக்கோடும் புரண்டு புரண்டு கொதித்துக்கொண்டிருந்தது. காளியாத்தா பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேனோன் சாரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி அதற்குள் கையில் இருந்தது.

"அம்மே, இலையை அடுப்பில் ஏத்தியது எதுக்கு?" என்று கேட்டார். குரல் தணிந்துதான் இருந்தது.

கிழவி திரும்பவில்லை. "செம்புல ஊத்துனா ஒரு விசுக்குத்தான் வருதுங்க. பொறவு காணாமப் போயிருது. கொதிக்க வெச்சாத்தானுங்க ஊடு பூரா நிக்குது. சுக்குக் காப்பி மாதிரி வெச்சுப்போட்டனுங்க. அவ போறாளுங்க. போற அன்னிக்காச்சும் எம் பையன் ஊட்டுல இருந்து வழியனுப்பட்டும்னுதானுங்க."

மேனோன் சார் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வாசல்படிக்குப் பக்கத்தில், அந்த மூட்டைக்கு அருகிலேயே, கோட்டு அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"கொதிச்சதைக் கொட்டிக் களைய வேண்டா. எனக்கு ஒரு கிளாஸ் தரணும்" என்றார்.

கிழவி திகைத்துப் போனார். அந்த வீட்டில் அதுவரை யாரும் குடித்ததில்லை. துணியால் வடிகட்டி, பித்தளை டம்ளரில் அவருக்கு ஊற்றினார். அண்ணனுக்கு ஒன்று. எனக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும், நான் விடப்போவதில்லை. கசப்பும் இனிப்பும் காரமுமாக, எங்கள் ஐந்து விதிகளில் ஒன்றுக்கும் கட்டுப்படாத சாறு. மேனோன் சார் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தார்.

சட்டியில் இன்னும் ஒரு டம்ளர் இருந்தது. காளியாத்தா அதை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு கன்று நிற்கிற பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். கன்று அங்கே இல்லை, யாரோ வண்டிக்கு இடம் விடுவதற்காகக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். கிழவி எழுந்து, படியைத் தாண்டி வந்து, அதைப் பொன்னாத்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குடி புள்ள" என்றார். "குடிச்சுப்போட்டு அந்த மூட்டைய எடுத்து உள்ள வெய்யி."

பொன்னாத்தா இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்கும்போதே அழுதாள். "சரிங்க அத்தை" என்று அவள் சொன்னது டம்ளருக்குள்ளிருந்துதான் கேட்டது. கிழவி அண்ணன் பக்கம் திரும்பி, "பசங்களை இங்க கொண்டாந்து உடுங்க. எங்களுக்கும் ஊடு நெறைஞ்ச மாதிரி இருக்குமுங்க" என்றார். அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டி மாட்டை அவிழ்க்கப் போனார்.

திரும்பும் வழியில் நான் பயந்து பயந்துதான் கேட்டேன். "சார், எலைய அடுப்புல ஏத்திட்டாங்களே?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சீனாக்காரனுக்கு ஒரு முறை. திபெத்துக்காரனுக்கு ஒரு முறை. இது அந்த வீட்டு முறை. இனி அங்கே நீ படிப்பிக்க வேண்டா ஞானம்மா, இலை மாத்திரம் கொடுத்தா மதி, அது போதும்" என்றார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வேலையில் இருந்தேன். எத்தனையோ ஊர்களில் ஐந்து விதிகளையும் தொண்டை வற்றச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, நான் தெரு திரும்பியதும் இலையை அடுப்பில் ஏற்றினார்கள். மேட்டு வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே இரண்டு பெண்களும் வாளையார்ப் பிள்ளைகளை முன்னிட்டு உரக்கச் சண்டை போடுவது தெருவரை கேட்கும். கேட்கச் சுகமாக இருக்கும். நான் வயதாகித்தான் ஓய்வு பெற்றேன். அந்தக் கன்றுக்கு மட்டும் அன்றைக்கே ஓய்வு கிடைத்துவிட்டது.

கிரேசியின் பை டீயையும் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, சுலபமாக இருக்கிறது, அவள் நன்றாக விற்பாள். வாளையார்க் கடைக்காரருக்கு மட்டும் நான் ஒருநாளும் பாடம் சொல்லப் போவதில்லை. அடுத்த முறை பஸ் அங்கே நிற்கும்போது, சட்டி பொங்குகிற நேரம் பார்த்து, அடுப்புக்குக் கொஞ்சம் கிட்டே போய் நிற்பேன். அந்த வாசத்தோடு அப்பா மாடியிலிருந்து இறங்கி வருவார்.